கோனனின் கால்பந்து ஏன் படத்துக்குப் படம் பெரிதாகிறது?

கேள்வி இதுதான்: "டிடெக்டிவ் கோனனின் பழைய படங்கள் துப்பறியும் கதைகளாக இருந்தன. இப்போது வருகிற படங்களில் ராட்டினம் உருண்டோடுகிறது, விண்கலம் ஊர்மேல் விழுகிறது, நீர்மூழ்கியோடு சண்டை நடக்கிறது. ஏன் இப்படி ஆகிவிட்டது? பிந்தைய படங்களைப் பார்க்கலாமா? பார்ப்பதென்றால் எங்கே தொடங்குவது?"

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் கொலைகாரன் யார் என்று கண்டுபிடிக்க உட்காராதீர்கள். வழக்கமான பாத்திரங்கள் யாரும் குற்றவாளியாக முடியாது, அடுத்த ஏப்ரலில் அவர்கள் மறுபடி வர வேண்டும். எஞ்சியவர்கள் அந்தப் படத்துக்கென்றே வந்த நாலைந்து புதுமுகங்கள். அவர்களில் யார் ரொம்ப நல்லவராக, யார் கண்ணிலும் படாமல் நிற்கிறாரோ அவர்மேல் ஒரு கண் வைத்தால் போதும். பிந்தைய கோனன் படத்தின் உண்மையான புதிர் வேறு. கடைசிக் கால் மணி நேரத்தில் ஒரு ஊரே அழியப் போகிறது. ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் எதை வைத்து அதைத் தடுக்கப் போகிறான்? அந்த "எதை" என்பதைப் படம் முன்பாதியிலேயே நம் கண்முன் காட்டிவிட்டதா? முன்பாதியில் விதைத்ததைக் கடைசியில் அறுத்தால் நல்ல படம். விதைக்காமல் அறுத்தால் சுமாரான படம். இந்த ஓர் அளவுகோலை வைத்து மொத்த வரிசையையும் எடைபோடலாம்.

புதிதாக வருபவர்களுக்குச் சுருக்கமாக: அவோயாமா கோஷோவின் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) 1994-இல் தொடங்கியது, தொலைக்காட்சித் தொடர் 1996-இல், முதல் படம் 1997 ஏப்ரலில். அன்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு படம், ஜப்பானின் கோல்டன் வீக் விடுமுறைக் கூட்டத்தைப் பிடிக்கும்படி ஏப்ரல் மாதத்தில். தவறியது 2020 மட்டுமே. அந்த ஆண்டுக்கான படம் கொரோனாவால் 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப் போனது. 2025 வரை மொத்தம் 28 படங்கள். பள்ளி மாணவத் துப்பறிவாளன் ஷினிச்சி குடோவைக் கறுப்பு அமைப்பு என்ற ரகசியக் குற்றக் கும்பலைச் சேர்ந்தவர்கள் ஏபிடிஎக்ஸ் 4869 என்ற மருந்தைக் கொடுத்துக் கொல்லப் பார்க்க, அவன் சாகாமல் சின்னப் பையனாகச் சுருங்கிவிடுகிறான். எடோகாவா கோனன் என்று பெயர் வைத்துக்கொண்டு, தான் விரும்பும் ரான் வீட்டிலேயே தங்குகிறான். ஷினிச்சியின் பக்கத்து வீட்டுப் பேராசிரியர் அகாசா அவனுக்குக் கருவிகள் செய்து தருகிறார். இதையெல்லாம் ஒவ்வொரு படமும் முதல் சில நிமிடங்களில் தானே சொல்லிவிடும். ஆயிரத்தைத் தாண்டிய எபிசோடுகளைப் பார்த்து முடித்தால்தான் படம் புரியும் என்ற பயம் வேண்டாம். கதைக்குள் இன்னும் ஓராண்டுகூட ஆகவில்லை. 1997-இல் ஆன்டெனாவை நீட்டிச் செல்போன் பேசியவர்கள், 2023-இல் முகத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருளோடு போராடுகிறார்கள். கோனனும் அவனோடு சேர்ந்து துப்பறியும் வகுப்புப் பிள்ளைகளும் அதே ஒன்றாம் வகுப்பில்தான் இருக்கிறார்கள். இதைக் குறையாக நினைக்கவே வேண்டாம். இருபத்தெட்டு ஆண்டாக ஒரே வகுப்பில் உட்கார்ந்தும் உற்சாகம் குறையாத பிள்ளைகளை வேறெங்கே பார்ப்பது!

முதலில் ஒரு தப்பெண்ணத்தைக் களைய வேண்டும். பழைய படங்கள் அமைதியாக உட்கார்ந்து துப்பறிந்தவை, பிந்தையவைதான் வெடிக்கின்றன என்பது சரியல்ல. முதல் படமான "தி டைம்-பாம்ப்ட் ஸ்கைஸ்கிரேப்பர்" முழுக்க வெடிகுண்டுதான். அதில் ஒரு வட்டப்பாதை ரயிலுக்கு மிரட்டல் வருகிறது: வேகம் மணிக்கு 60 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் வெடிக்கும், சூரியன் மறைவதற்குள் எடுக்காவிட்டாலும் வெடிக்கும். எல்லோரும் ரயிலுக்குள் குண்டைத் தேடுகிறார்கள். கோனன் அந்த இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்து வைத்து யோசிக்கிறான். வேகத்துக்கும் வெயிலுக்கும் பொதுவானது எது? நிழல். குண்டு ரயிலில் இல்லை, தண்டவாளங்களுக்கு நடுவில் இருக்கிறது. அதன்மேல் வெளிச்சம் குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் படாமல் போனால் வெடிக்கும். கணக்கை நாமே போட்டுப் பார்க்கலாம். ஒரு பெட்டி 20 மீட்டர், பத்துப் பெட்டி என்றால் 200 மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்பது விநாடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். அந்த ரயில் ஓர் இடத்தைக் கடந்து முடிக்க 12 விநாடி. வேகம் குறைந்தால் நிழல் நீளும், இருட்டினாலும் அதே கதிதான். இரண்டு நிபந்தனைகள், ஒரே காரணம். குண்டுக் காட்சிக்குள்ளேயே ஓர் அழகான துப்பு.

ஐந்தாவது படம் "கவுன்ட்டவுன் டு ஹெவன்" (2001) இன்னும் மேலே போகிறது. படத்தின் முன்பாதியில் பிள்ளைகள் முப்பது விநாடியை மனத்துக்குள் எண்ணிச் சரியாக நிறுத்தும் விளையாட்டை விளையாடுகிறார்கள். சின்னப் பெண் ஆயுமி மட்டும் அச்சு அசலாக முப்பதில் நிறுத்துகிறாள். பார்க்கிறவர்கள் சிரித்துவிட்டு மறந்துவிடுவார்கள். கடைசியில் எரிகிற கோபுரத்திலிருந்து பக்கத்துக் கோபுரத்துக்குக் காரோடு தாவ வேண்டும். ஓடி வேகமெடுக்கக் கூடத்தில் நீளம் போதாது, பின்னால் வெடிக்கப்போகிற குண்டின் தள்ளலும் தேவை. அதற்கு வெடிக்கும் விநாடி துல்லியமாகத் தெரிய வேண்டும். யார் எண்ணுவது? ஆயுமிதான். இருபது மீட்டர் கீழே விழ ஏறக்குறைய இரண்டு விநாடி ஆகும். அந்த இரண்டு விநாடிக்குள் அறுபது மீட்டர் இடைவெளியைத் தாண்ட வேண்டுமென்றால் மணிக்கு 108 கிலோமீட்டர் வேகம் வேண்டும். படத்திலும் பிள்ளைகள் இந்த வகைக் கணக்கைப் போட்ட பிறகே காரில் ஏறுகிறார்கள். விதைப்பதற்கும் அறுப்பதற்கும் இதைவிட நல்ல பாடம் கிடையாது. பிந்தைய படங்களை நான் இந்த விளையாட்டோடுதான் ஒப்பிடுவேன்.

அப்படியானால் மாறியது என்ன? அளவு மாறியது. ஒரு ரயில், ஒரு கட்டடம் என்றிருந்த ஆபத்து மெல்ல மெல்ல ஒரு ஊரின் அளவுக்கு வளர்ந்தது. 15-ஆவது படத்தில் (2011) அணைக்கட்டு உடைகிறது. கோனன் மலைச்சரிவில் சறுக்கிக்கொண்டே போய்ப் பனிச்சரிவை உண்டாக்கி, வெள்ளத்தை ஊருக்குள் வராமல் திருப்புகிறான். இதைச் செய்வது ஒன்றாம் வகுப்புப் பையன். இந்தப் படத்திலிருந்து 21-ஆவது படம் வரை இயக்கியவர் ஷிஸுனோ கோபுன். பிந்தைய கோனன் படம் என்று இன்று சொல்கிற அந்த முகத்தை வரைந்தவர் அவர்தான் என்பது என் எண்ணம்.

ஆபத்து வளர்ந்ததும் ஆயுதமும் வளர்ந்தாக வேண்டும். கோனனிடம் இருப்பது மயக்க ஊசிக் கைக்கடிகாரம், குரல் மாற்றும் போ டை, சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் ஸ்கேட்போர்டு, 20 கிலோமீட்டர் ஆரத்துக்குள் ஆளைத் தேடும் கண்ணாடி. இவற்றில் எதையும் ஊர் அளவுக்குப் பெரிதாக்க முடியாது. கைக்கடிகாரத்தில் ஒரே ஒரு ஊசிதான். போ டையால் நீர்மூழ்கியை நிறுத்த முடியாது. பெரிதாக்க முடிந்தது ஒன்றே ஒன்று: இடுப்புப் பெல்ட்டிலிருந்து காற்றடைத்து வெளிவரும் கால்பந்து. கூடவே காலின் அழுத்தப் புள்ளிகளைத் தூண்டி உதையைப் பல மடங்காக்கும் ஷூ. பந்துக்கு மட்டும் அளவு என்ற தடையே இல்லை. தலைப்பில் உள்ள கேள்விக்கு விடை இதுதான். கதைக்குள் வளரக்கூடிய ஒரே பொருள் பந்துதான், ஆகவே அது வளர்கிறது.

20-ஆவது படம் "தி டார்க்கெஸ்ட் நைட்மேர்" (2016). மீன்காட்சியகத்தின் பிரம்மாண்ட ராட்டினத்தின் உச்சியில் எஃப்பிஐயின் அகாய் ஷூயிச்சியும், பொதுப் பாதுகாப்புப் போலீசின் அமுரோ டோருவும் கைச்சண்டை போடுகிறார்கள். கீழே வெடிகுண்டுகள். மேலே கறுப்பு அமைப்பின் இறக்கை திருப்பும் விமானம் ராட்டினத்தைச் சல்லடையாகத் துளைக்கிறது. இவ்வளவு நடக்கும்போது அச்சு முறிந்து ராட்டினமே உருண்டு கூட்டத்தை நோக்கி வருகிறது. கோனன் பந்தை ஊதி ஊதிப் பெரிதாக்கி அதற்கு முட்டுக்கொடுக்கிறான். காற்றடைத்த பந்து இரும்பு ராட்டினத்தை நிறுத்துமா? தனியாக நிறுத்தாது, படத்துக்கும் அது தெரியும். அதனால்தான் கியூராசோ என்ற பெண் ஒரு கிரேனோடு வந்து எதிரே மோதுகிறாள். பந்தால் வேகம் குறைகிறது, கிரேன் நிறுத்துகிறது. அவள் முன்பாதியில் நினைவிழந்து அந்தப் பிள்ளைகளோடு அதே ராட்டினத்தின் அடியில் விளையாடியவள். கருவியைவிட ஆளை விதைத்த படம் இது. இந்த வரிசையில் கண் கலங்க வைக்கும் முடிவு இதுதான்.

22-ஆவது படம் "ஜீரோ தி என்ஃபோர்சர்" (2018) பற்றி நிறையச் சொல்ல வேண்டும். படத்தின் கதாநாயகன் உண்மையில் அமுரோ. மூன்று பெயர், மூன்று வேலை, ஒரு வெள்ளை மாஸ்டா ஆர்எக்ஸ்-7. உச்சிமாநாடு நடக்கவிருக்கும் கட்டடம் வெடிக்கிறது. எப்படி? இணையத்தில் இணைந்த எரிவாயு வால்வைத் தூரத்திலிருந்து திறந்து, உள்ளே வாயு நிறைந்ததும், அதே போல இணையத்தோடு இணைந்த பிரஷர் குக்கரைப் பொறியாகப் பயன்படுத்துகிறான் வில்லன். குக்கர் குண்டு என்று சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் இந்தச் செய்முறையில் ஓட்டை இல்லை. எரிவாயு வெடிக்க இரண்டு வேண்டும்: காற்றோடு சரியான விகிதத்தில் கலந்த வாயு, ஒரு பொறி. இரண்டையும் உள்ளே போகாமலே செய்ய முடிந்தால் சுவரில் கைரேகை ஏது?

நடுப்பாதி முழுக்க வழக்கறிஞர், அரசு வழக்கறிஞர், பொதுப் பாதுகாப்புப் போலீஸ், அவர்களுக்கு ரகசியத் தகவல் தரும் ஆள், அவர்களை மேலிருந்து ஆட்டுவிக்கும் ஆள் என்று போகிறது. எட்டு வயதுப் பிள்ளை இந்த இடத்தில் பாப்கார்னில் மூழ்கிவிடும். பெரியவர்களும் ஒரு தாளில் யார் யாருக்குக் கீழே என்று எழுதிக்கொண்டால் நல்லது. உண்மையாகவே சொல்கிறேன், நாலு பெயர் எழுதினால் படம் தெளிந்துவிடும். பிறகு வருகிறது கடைசிக் கால் மணி. செவ்வாயிலிருந்து திரும்பும் விண்கலத்தின் கேப்ஸ்யூல் ஊர்மேல் விழும்படி திசை திருப்பப்பட்டிருக்கிறது. இங்கே விதை அருமை. படத்தின் தொடக்கத்தில் அகாசா புதிதாகச் செய்த டிரோனைப் பிள்ளைகள் ஜாலியாகப் பறக்கவிடுகிறார்கள். அதே டிரோன்தான் வெடிபொருளைச் சுமந்துகொண்டு கேப்ஸ்யூலை நோக்கி ஏறுகிறது. அதன் பிறகும் கொஞ்சம் திருப்ப வேண்டியிருக்கிறது. அமுரோ மோனோரயில் பாதையில் காரை ஓட்டி, கட்டி முடியாத ஒரு கட்டடத்தின் உச்சியிலிருந்து காரோடு வானில் பாய, நடுவானில் கோனன் பந்தை உதைக்கிறான். நடுவானில்! கால் ஊன்ற இடமில்லாதபோது உதைத்தால் உதைத்தவனும் பின்னால் போவான் என்று பௌதிகம் படித்தவர்கள் சொல்வார்கள். சரிதான். ஆனால் அந்த நேரத்தில் திரையரங்கில் யாரும் நியூட்டனை நினைப்பதில்லை. எனக்கு வருத்தமெல்லாம் அந்தக் காருக்காகத்தான். 2002-ஓடு உற்பத்தியே நின்றுபோன மாடல் அது. அதை அமுரோ போட்டு நொறுக்கும் விதத்தைப் பார்த்தால், ஜப்பானில் பழைய ஆர்எக்ஸ்-7 வைத்திருப்பவர்களுக்கு இதுதான் படத்திலேயே பயங்கரமான காட்சியாக இருக்கும்.

ஜப்பானிய ரசிகைகள் அமுரோவை 1,000 கோடி யென் நாயகனாக்குவது என்று உறுதி எடுத்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். படம் 918 கோடி யென்னில் நின்றது. முதல் படம் ஈட்டியது 110 கோடி யென் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இந்த வரிசை பிள்ளைகளுக்கான வசந்தகால விடுமுறைப் படம் என்ற நிலையைத் தாண்டியது இந்த இடத்தில்தான். கடைசியில் அந்த 1,000 கோடியைத் தாண்டியது அமுரோ அல்ல, கோனனைப் போலவே அந்த மருந்தால் சின்னப் பெண்ணாகச் சுருங்கிய ஹைபரா. அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே ஓர் எளிய சூத்திரம் சொல்லிவிடுகிறேன். படம் தேர்ந்தெடுக்க இதைவிடப் பயனுள்ளது எதுவும் இல்லை. 20-ஆவது படத்திலிருந்து இரண்டு எழுத்தாளர்கள் மாறி மாறி எழுதுகிறார்கள். இரட்டைப்படை எண்கள் (20, 22, 24, 26, 28) சகுராய் தகேஹருவுடையவை. போலீஸ் தொலைக்காட்சி நாடகங்களுக்கு எழுதிக் கைபழகியவர். உளவு அமைப்பு, சட்டப் பிரிவு, புதுத் தொழில்நுட்பம், துறைக்குத் துறை நடக்கும் இழுபறி எல்லாம் அவர் கை. ஒற்றைப்படை எண்கள் (21, 23, 25, 27) மர்ம நாவலாசிரியர் ஓகுரா தகாஹிரோவுடையவை. புதையல், பழம்பெரும் கலை, காதல், ஊர்சுற்றல் அவருடைய சரக்கு. வீட்டில் காதல் ஜோடிகளைப் பிடித்தவர்கள் இருந்தால் ஒற்றைப்படை, துப்பாக்கியைப் பிடித்தவர்கள் இருந்தால் இரட்டைப்படை. 25 மட்டும் போலீஸ் கதை என்பதால் இரண்டுக்கும் நடுவில் நிற்கும்.

ஒற்றைப்படைக்கு நல்ல எடுத்துக்காட்டு 21-ஆவது படம் "கிரிம்சன் லவ் லெட்டர்" (2017). ஒசாகாவில் ஒரு தொலைக்காட்சி நிலையம் வெடித்து எரிவது தொடக்கம் மட்டுமே. மீதி எல்லாம் கருட்டா சீட்டு விளையாட்டு. நூறு பழம்பாடல்களின் தொகுப்பு அது. போட்டியில் ஐம்பது சீட்டுகளைப் பரப்பி ஆளுக்கு இருபத்தைந்து வைத்துக்கொள்வார்கள். படிப்பவர் முன்னடியைப் படிக்க ஆரம்பித்ததும் பின்னடி எழுதிய சீட்டைத் தட்டிப் பறிக்க வேண்டும். அந்தாதி பாடிப் பழகியவர்களுக்கு இந்தச் சுகம் உடனே பிடிபடும். கொலைக்கான துப்பும் பாடல்களுக்குள்தான். வசன வரிகளில் பாடல் பாதிதான் தேறும், அதனால் கருட்டாவின் விதியை மட்டுமாவது தெரிந்துகொண்டு உட்காருங்கள். கஸுஹா, மோமிஜி என்ற இரண்டு பெண்களும் ஒசாகாவின் பள்ளி மாணவத் துப்பறிவாளன் ஹெய்ஜிக்காகச் சீட்டு ஆடுவதைப் பார்க்கையில் வெடிகுண்டெல்லாம் மறந்துபோகும்.

23-ஆவது படம் "ஃபிஸ்ட் ஆஃப் ப்ளூ சஃபையர்" (2019) தமிழர்களுக்குத் தனியாகப் பிடிக்கக் காரணம் உண்டு. கதை நடப்பது சிங்கப்பூரில். மெர்லயன் சிலையின் வாயிலிருந்து சிவந்த தண்ணீர் கொட்டுவதில் ஆரம்பித்து, மூன்று கோபுரங்களின் தலையில் 340 மீட்டர் நீளக் கப்பல்போல் கிடக்கும் மெரினா பே சாண்ட்ஸின் மேல்தளம் வரை போய், பார்த்துப் பழகிய இடங்களெல்லாம் ஆட்டம் காண்கின்றன. அங்கே வாழ்கிறவர்கள், ஒரு தடவையாவது போய் நின்று படம் எடுத்தவர்கள் "ஐயோ அதை விட்டுடுங்கப்பா" என்று கத்தியே ஆக வேண்டும்.

ஆனால் கோனன் சிங்கப்பூர் போவது எப்படி? எடோகாவா கோனன் என்ற ஆளே உலகத்தில் இல்லை, கடவுச்சீட்டு எங்கிருந்து வரும்? கெய்டோ கிட் என்ற மாயத்திருடன் அவனை மயக்கி, சூட்கேசில் அடைத்துக் கொண்டுவந்துவிடுகிறான். பிறகு ரான் அடையாளம் காணாதிருக்க முகத்தைக் கறுக்க வைக்கிறான், கோனன் ஆர்தர் ஹிராய் ஆகிறான். பெயர் நல்ல விளையாட்டு. ஆர்தர் கோனன் டாயிலின் முற்பெயரும், ஜப்பானிய மர்மக்கதை எழுத்தாளர் எடோகாவா ரம்போவின் உண்மைக் குடும்பப் பெயரும் சேர்ந்தது. தோல் நிறத்தை மாற்றி உள்ளூர்ப் பையனாக்கிய வேலைதான் எனக்குப் பிடிக்கவில்லை, ஒரு தொப்பியும் வேறு கண்ணாடியும் போதுமாயிருந்திருக்கும். விதை என்று பார்த்தால் படத்தில் கச்சிதமானது கியோகோகு மகோட்டோவின் கைக்கயிறு. நானூறு சண்டையில் தோற்காத கராத்தே வீரன், அந்தக் கயிறு தானாக அறும்வரை சண்டை போடுவதில்லை என்று இருக்கிறான். அது எப்போது அறுபடும் என்று நமக்குத் தெரியும், தெரிந்தே காத்திருப்பதுதான் இன்பம். அறுந்தபின் நடப்பதைப் பார்த்துக் கைதட்டாமல் இருப்பது கஷ்டம்.

24-ஆவது படம் "தி ஸ்கார்லெட் புல்லட்" (2021) என் அளவுகோலில் பின்தங்குகிறது. நகோயாவிலிருந்து டோக்கியோவுக்கு வெற்றிடக் குழாயில் மணிக்கு 1,000 கிலோமீட்டரில் ஓடும், மீக்கடத்திக் காந்தத்தால் மிதக்கும் ரயில். உண்மையில் ஜப்பானின் காந்த ரயில் 2015-இல் சோதனை ஓட்டத்தில் 603 கிலோமீட்டரைத் தொட்டது. ஆகையால் ரயில் கற்பனை அல்ல, கொஞ்சம் அவசரப்பட்ட உண்மை. நல்ல விதை ஒன்றும் இருக்கிறது: குவென்ச். எம்ஆர்ஐ இயந்திரத்தின் மீக்கடத்திக் காந்தம் திடீரெனக் குளிர்ச்சியை இழந்தால், மைனஸ் 269 டிகிரியில் இருந்த திரவ ஹீலியம் கொதித்து எழுநூறு மடங்கு அளவுக்கு வாயுவாகப் பெருகும். அறைக்குள் ஆக்ஸிஜனைத் தள்ளிவிட்டு ஆளை மயக்கும். இது நிஜமான ஆபத்து, மருத்துவமனைகளில் அந்த வாயுவை வெளியேற்றத் தனிக் குழாயே வைப்பார்கள். இவ்வளவு அழகான விதையை வைத்துக்கொண்டு, முடிவில் அகாய் நகோயாவிலிருந்தே அந்தக் குழாய் வழியாகச் சுடுகிறார். வெற்றிடம் காற்றின் தடையைத்தான் நீக்கும், புவியீர்ப்பை நீக்காது. முதல் விநாடியிலேயே ஐந்து மீட்டர் கீழே வரும். பந்தைப் பற்றி இவ்வளவு தாராளமாக இருக்கும் நான் இந்தக் குண்டை ஏன் மன்னிக்கவில்லை என்று கேட்கலாம். பந்து இருபது வருடமாகக் கண்முன் வளர்ந்து வந்தது. இந்தக் குண்டு திடீரென்று வந்தது.

25-ஆவது படம் "தி ப்ரைட் ஆஃப் ஹாலோவீன்" (2022) பந்தின் பொற்காலம். வில்லன் பிளாம்யாவின் குண்டு இரண்டு திரவம், நீலம் ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று. தனித்தனியே இருக்கும்வரை சாது, கலந்தால் வெடிக்கும். ஹாலோவீன் இரவில் ஷிபுயாவின் சரிவுகளில் இரண்டையும் ஓடவிடுகிறார்கள். ஷிபுயா என்ற பெயரிலேயே பள்ளத்தாக்கு இருக்கிறது. எதிரெதிர்ச் சரிவுகள் இறங்கி வந்து ரயில் நிலையத்தடியில்தான் சேரும். மழை பெய்தால் தண்ணீர் போகும் வழிதான் இந்தத் திரவத்துக்கும். சேரும் இடம் ஊரின் மிகப் பெரிய நாற்சந்தி, அங்கே வேஷம் போட்ட கூட்டம். விதை மூன்று ஆண்டு முந்தைய காட்சியில் இருக்கிறது. அமுரோவின் போலீஸ் பயிற்சித் தோழர்களில் ஒருவரான மட்சுதா, இதே வகைக் குண்டின் ஒழுக்கை வாயிலிருந்த சூயிங் கம்மை வைத்து அடைக்கிறார். அங்கே விரல் நுனி அளவு கம், இங்கே நாற்சந்தி அளவு பந்து. இரண்டும் ஒரே யோசனைதான், கலக்கவிடாமல் நடுவில் அடை. வானுயரப் பந்து ஊதிப் பெருத்துக் கட்டடங்களுக்கு நடுவில் சிக்கி நிற்கும் அந்த ஒரு காட்சியை மட்டும் தனியாகக் காட்டினால் யாரும் சிரிப்பார்கள். கம் காட்சியையும் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு அது ஒரு செத்த நண்பனின் வேலையை முடித்துவைப்பதுபோல் இருக்கும்.

26-ஆவது படம் "பிளாக் அயர்ன் சப்மரின்" (2023). ஹச்சிஜோ தீவுக்கு அருகே கடலுக்குள் இன்டர்போலின் கேமரா மையம். குழந்தை முகத்தையும் பெரியவர் முகத்தையும் பொருத்தி ஆளைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் அங்கே இருக்கிறது. உடம்பு சுருங்கிய இரண்டு பேரின் கதைக்கு இதைவிட நேரான அச்சுறுத்தல் வேறென்ன? ஹைபரா கடத்தப்படுகிறாள், நீர்மூழ்கியில் அடைக்கப்படுகிறாள். கடைசியில் இருட்டில் கறுப்பு நீர்மூழ்கி கறுப்புத் தண்ணீருக்குள் மறைந்து நிற்கிறது, மேலே ஹெலிகாப்டரில் இருக்கும் அகாய்க்குக் குறி தெரியவில்லை. கோனன் கடலுக்கடியிலிருந்து வாணவேடிக்கைப் பந்தை வெடிக்கிறான். வெளிச்சம் கீழிருந்து வர, நீர்மூழ்கி நிழலுருவாகத் தெரிகிறது. கவனியுங்கள், முதல் படத்தில் நிழல்தான் துப்பு, இங்கே நிழல்தான் ஆயுதம். பந்து மோதவில்லை, தடுக்கவில்லை, விளக்காக மட்டும் எரிகிறது. பந்தை இவ்வளவு மென்மையாகப் பயன்படுத்திய படம் வேறில்லை. அதன்பின் தண்ணீருக்குள் மயங்கும் கோனனுக்கு ஹைபரா மூச்சுக்கொடுக்கிறாள். கரைக்கு வந்ததும் அந்த முத்தத்தை அவள் வைத்துக்கொள்ளவில்லை. ரானிடம் ஓடிப்போய் உதட்டில் முத்தமிட்டு, உரியவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள். இந்த வரிசையில் முதல்முறையாக 1,000 கோடியைத் தாண்டி 1,388 கோடி யென் ஈட்டியது இந்தப் படம். எனக்குப் பிந்தையவற்றில் முதலிடம் இதற்குத்தான்.

27 (2024) ஹகோடாட்டேயில் நடக்கிறது. வாள்வீரன் ஹிஜிகாட்டா டொஷிஸோ 1869-இல் மடிந்த ஊர். அவன் பெயரால் வரும் வாள்கள், ஐந்துமுனை நட்சத்திரக் கோட்டை, 107 மீட்டர் கோபுரம், ஒரு சிறு விமானத்தின் மேல் நின்று ஹெய்ஜி போடும் வாள்சண்டை. அந்த விமானக் காட்சிக்கு முன்னால் ராட்டினமே அடக்கமாகத் தெரியும். கோனன், கிட் இருவரின் குடும்பங்களைப் பற்றி ஒரு பெரிய செய்தி இதில் உடைகிறது, அதை யாரிடமும் கேட்காமல் போய்ப் பாருங்கள். வசூல் 1,580 கோடி யென். 28 (2025) நாகானோவின் பனியில், நோபெயாமாவின் 45 மீட்டர் வானொலித் தொலைநோக்கியைச் சுற்றி நடக்கிறது. கோனன் வழக்கமாக மயக்க ஊசி போட்டு, அவர் குரலில் தானே துப்புச் சொல்வதால் "தூங்கும் துப்பறிவாளர்" என்று பெயரெடுத்த ரானின் அப்பா கோகோரோ, தூங்காமல், தன் நண்பனின் கொலைக்காக எழுந்து நிற்கும் படம். இத்தனை வருடக் கேலிக்கு ஈடாக அவருக்குக் கிடைத்த மரியாதை.

இனி எங்கே தொடங்குவது. முதலில் 1, அடுத்து 5. பழைய பாணியின் உச்சம் எது என்று தெரிந்தால்தான் பிந்தையவை எதைப் பெரிதாக்கின என்பது விளங்கும். பிறகு 20, 22, 25, 26 இந்த வரிசையில். 26-க்கு முன் ஹைபரா முன்பு கறுப்பு அமைப்பில் ஷெர்ரி என்ற பெயரில் இருந்தவள், அமுரோ அங்கே போர்பன் என்ற பெயரில் உளவு பார்ப்பவர் என்ற இரண்டு செய்திகள் போதும். கொஞ்சம் கூடுதலாக வேண்டுமென்றால் தொடரில் 701 முதல் 704 வரையான ரயில் கதையைப் பாருங்கள். படக்குழுவே அதைச் சுருக்கி 2023 ஜனவரியில் தனிப் படமாகத் திரையிட்டது. 21, 23, 27 மூன்றையும் தனிச் சங்கிலியாகப் பார்க்கலாம், முன்பின் இணைப்பு அவ்வளவு தேவையில்லை. 24-ஐக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வசன வரிகளோடு பார்க்கிறவர்களுக்கு ஓர் இடம் எப்போதும் இடறும்: அகாசா பிள்ளைகளுக்குப் போடும் விடுகதை. அது ஜப்பானிய உச்சரிப்பில் இரட்டுற மொழிதல், மொழிபெயர்ப்பில் ஒருக்காலும் தேறாது. சிலேடையைப் பெயர்க்க முயன்றவர்களுக்கு அந்த வேதனை தெரியும். அந்த ஒரு நிமிடம் புரியாவிட்டால் படத்தில் எதையோ தவறவிட்டோம் என்று பதற வேண்டாம். தவறவிடக் கூடாதது வேறு. பாட்டோடு, அந்த ஊரின் நிஜக் காட்சிகளின் மேல் பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழுந்து போய்விடாதீர்கள். பெயர்கள் முடிந்தபின் ஒரு சின்னக் காட்சி உண்டு, அதற்கும் பிறகு அடுத்த ஏப்ரலில் யார் வரப்போகிறார் என்று ஒரு குரல் மட்டும் கேட்கும். ஜப்பானில் விளக்குப் போடும்வரை ஒருவரும் நாற்காலியை விட்டு அசையாதது அந்தக் குரலுக்காகத்தான்.